மாவு பொங்காத வீடு

இட்லி மாவு ஏன் பொங்கவில்லை என்று எனக்குப் புரியவே இல்லை.

அதே அரிசி, அதே உளுந்து, முன்பு எடிசன் நகர அபார்ட்மென்டில் வைத்திருந்த அதே கிரைண்டர். கையால்தான் கலந்தேன். ராத்திரி அடுப்பு மேடையில் மூடி வைத்தால் காலையில் வைத்த இடத்தில் வைத்த அளவிலேயே இருந்தது. கரண்டியை விட்டால் சிமெண்டுக் கலவை மாதிரி கனத்தது. மூன்று வாரமாக இப்படித்தான்.

மாவு பொங்குவது மந்திரமில்லை. உளுந்தோடு வரும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மாவில் இருக்கும் சர்க்கரையைத் தின்று காற்றை விடுகின்றன. உளுந்தின் பசை அந்தக் காற்றை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. அந்த உயிர்களுக்கு வேண்டியது கதகதப்பு மட்டும்தான். எழுபது டிகிரி ஃபாரன்ஹீட்டில் மெதுவாகவாவது வேலை செய்யும், ஐம்பத்தைந்தில் தூங்கிவிடும். ஆனால் எங்கள் ஹாலில் இருந்த, ஹீட்டரை இயக்கும் தெர்மோஸ்டாட் நான் படுக்கப் போகும்போதும் எழுபது காட்டியது, எழுந்து வரும்போதும் எழுபது காட்டியது.

வீடு எங்களுடையது இல்லை. என் கல்லூரித் தோழி மானஸாவுடையது. நியூ ஜெர்சிக் கடற்கரையில் கோடைக்காக வாங்கிப் போட்டது. அவளும் அவள் கணவர் பத்ரியும் இருப்பது கலிஃபோர்னியாவில், பிளசன்டனில். நாங்கள் புக் பண்ணியிருந்த புது வீடு கட்டி முடிய ஜூன் ஆகும் என்று பில்டர் கைவிரித்தபோது எங்கள் அபார்ட்மென்ட் லீஸும் முடிந்திருந்தது.

"பீச் ஹவுஸ் சும்மாதானேடீ கிடக்கு? போய் இரு. உன் வீடு மாதிரி நினைச்சுக்கோ. வாடகை கீடகைன்னு பேசினே, போனை வச்சிடுவேன்" என்றாள். கேஸ், கரண்ட் எல்லாம் அவள் பெயரிலேயே இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டாள். ஹாஸ்டலில் ஒரே அறையில் நான்கு வருஷம் இருந்தவள். நான் மேலே பேசவில்லை.

ஜனவரியில் அந்த ஊரில் சிக்னல்கூட வேலை செய்வதில்லை, மஞ்சளாக மினுக்கிக்கொண்டே இருக்கும். ஐஸ்கிரீம் கடை வாசலில் 'மே மாதம் பார்க்கலாம்' என்று போர்டு. எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில்தான் விளக்கு எரியும். கறிவேப்பிலை வாங்க ஒரு மணி நேரம் டிரைவ் பண்ண வேண்டும். என் கணவர் அகிலன் வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் போவார். நான் வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்தேன். எல்லாமே பழகிவிட்டது, வெண்பாவின் இருமலைத் தவிர.

வெண்பாவுக்கு ஐந்து வயது. இங்கே வந்த இரண்டாவது வாரம் இருமல் தொடங்கியது. விடியற்காலையில் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "ராத்திரியில் அறை குளிராக இருக்கிறதா?" என்பதுதான். நான் அடித்துச் சொன்னேன்: "இல்லை, எழுபது டிகிரி." இன்ஹேலர் கொடுத்தார். குறையாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும் என்றார்.

மானஸாவிடம் தினமும் புலம்பினேன். "கடல் ஈரம்டீ அது. ஈரத்தை இழுக்கற டீஹ்யுமிடிஃபயர் வாங்கு. சாஃப்ட் டாய்ஸ் எல்லாம் தூக்கிப் போடு, டஸ்ட் அடையும்" என்றாள். வாங்கினேன், தூக்கியும் போட்டேன். வெண்பா தன் கரடி பொம்மைக்காக இரண்டு நாள் அழுதாள். இருமல் மட்டும் போகவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மறுபடியும் கல்லு மாவை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"இது இட்லியா, பேப்பர் வெயிட்டா?" என்றார் அகிலன்.

"கிண்டல் பண்ணாதீங்க. வெண்பா, ராத்திரி உனக்குக் குளிருதா?"

"நோ அம்மா. ஒன்லி மை நோஸ் இஸ் கோல்ட்."

கரண்டியை அப்படியே வைத்துவிட்டேன். போர்வைக்கு வெளியே இருப்பது மூக்கு மட்டும்தான். மாவுக்கோ போர்வையே கிடையாது. படுக்கும்போதும் எழும்போதும் எழுபது என்றால், நடுவில் என்ன என்று நான் பார்த்ததே இல்லை. கோடைக்கென்று மரக்கால்களின் மேல் கட்டிய வீடு, தரைக்குக் கீழே கடல் காற்று ஓடும். ஹீட்டர் நின்றால் சூடு மளமளவென்று இறங்கிவிடும். ஆனால் அதை யார் நிறுத்துவது?

அந்தத் தெர்மோஸ்டாட் ஒரு ஆப்போடு சேர்ந்தது. ஆப் மானஸாவின் போனில் இருந்தது.

டெஸ்டிங்கில் ஒரு வழக்கம் உண்டு. சந்தேகம் வந்தால் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு என்ன நடக்கிறதென்று பார்ப்போம். சனிக்கிழமை அகிலனும் வெண்பாவும் பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குக் கிளம்பினார்கள். நான் மானஸாவுக்கு ஒரு மெசேஜ் போட்டேன்: 'எல்லாரும் கோயிலுக்குப் போறோம், சாயங்காலம்தான் வருவோம்.' பிறகு தெர்மோஸ்டாட்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

காபி ஆறுவதற்குள் திரையில் வைத்திருந்த எழுபது அழிந்து ஐம்பத்தைந்து வந்தது. கீழே ஹீட்டர் ஒருமுறை கனைத்துவிட்டு அடங்கியது. நான் தொடவே இல்லை.

கோட்டு போட்டுக்கொண்டு மதியம்வரை அங்கேயே இருந்தேன். அப்புறம் 'திரும்பிட்டு இருக்கோம்' என்று அனுப்பினேன். ஐம்பத்தைந்து மறுபடி எழுபதானது. போன் பண்ணினேன்.

"தரிசனம் நல்லா ஆச்சாடீ?"

"நான் போகல மானஸா. உன் தெர்மோஸ்டாட்டைத்தான் தரிசனம் பண்ணிட்டு இருந்தேன்."

அவள் பக்கம் டிவி சத்தம் நின்றது.

"விஷா... வின்டர்ல அந்த வீடு எவ்ளோ கேஸ் குடிக்கும்னு உனக்குத் தெரியாது. பத்ரி தினமும் நச்சரிச்சார். நானே வாடகை வேணாம்னு சொல்லிட்டு, அப்புறம் உன்கிட்ட எப்படிக் கேக்கறது? அதான் ராத்திரிக்கு ஷெட்யூல் போட்டேன், வீட்ல யாரும் இல்லேன்னா நானே குறைப்பேன். நீங்க எழுந்திரிக்கறதுக்குள்ள ஏத்திடும். தூங்கறப்போ தெரியாதுன்னு..."

"கேட்டிருந்தா அன்னைக்கே கேஸை எங்க பேருக்கு மாத்தியிருப்போமே."

"அசிங்கமா இருந்துச்சுடீ."

"வெண்பா இருமறது உனக்கு போன்லயே கேக்குமே மானஸா."

"கடல் ஈரம்னுதான் நிஜமாவே நினைச்சேன்."

"நினைச்சியா?"

 நான் போனை வைத்துவிட்டேன். அவள் சூட்டைக் குறைத்ததை மட்டும் என்றால் மன்னித்திருப்பேனோ என்னவோ. குழந்தையின் கரடியைத் தூக்கிப் போடச் சொன்னாளே, அதுதான் அடைத்துக்கொண்டு நின்றது.

அகிலன் வந்ததும் சொன்னேன். "இப்பவே காலி பண்ணிடலாமா?" என்றார்.

"இந்த நேரத்துல எங்க போறது? முதல்ல இன்னைக்கு ராத்திரி வெண்பா இருமாம தூங்கணும்."

மானஸாவுக்கு ஒரே ஒரு மெசேஜ் அனுப்பினேன்: 'கேஸை எங்க பேருக்கு மாத்தறோம். தெர்மோஸ்டாட்டையும் மாத்தறேன். போகும்போது உன்னுடையதைத் திருப்பி மாட்டிடுவேன்.' 'ஓகே' என்று வந்தது. அதோடு சரி. அப்போதே ஆன்லைனில் கேஸ் கணக்கை எங்கள் பெயருக்கு மாற்றினோம்.

தெர்மோஸ்டாட் என்பது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் ஒரு சுவிட்ச்தான். சுவருக்குள்ளிருந்து சிவப்புக் கம்பி ஒன்று, வெள்ளைக் கம்பி ஒன்று வரும். இரண்டையும் சேர்த்தால் ஹீட்டர் எரியும், பிரித்தால் அணையும். எப்போது சேர்ப்பது என்று முடிவு செய்வது மட்டும்தான் அதன் வேலை. அந்த முடிவை பிளசன்டனிலிருந்து எடுக்க முடியாதபடி செய்தால் போதும்.

ஹார்ட்வேர் கடையில் வட்டமாக, கையால் திருகும் பழைய மாடல் ஒன்று கிடைத்தது. ஆப் இல்லை, வைஃபை இல்லை. மெயின் சுவிட்சை அணைத்து, மானஸாவுடையதைக் கழற்றித் துணியில் சுற்றி டிராயரில் வைத்தேன். சிவப்பையும் வெள்ளையையும் புதியதில் முடுக்கினேன். திரைக்கு மட்டும் கரண்ட் கொடுத்த மூன்றாவது கம்பியின் முனையை மூடிவிட்டேன். எழுபதுக்குத் திருகி, புது மாவைக் கலந்து மூடி வைத்தேன்.

காலையில் மாவு மூடியைத் தொட்டுக்கொண்டு பொங்கியிருந்தது. வெண்பா இருமாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். சுவரில் இரண்டு கம்பி, கையால் திருகும் ஒரு வட்டம், கேஸ் எங்கள் பெயரில். எழுபதில் வைத்தால் விடியும்வரை எழுபது.