வெளுத்த நிரை

இரண்டாவது கீமோவுக்குப் பிறகு சாந்தாமணியின் எலும்பு மஜ்ஜை வேலையை நிறுத்திய வாரத்தில், தேவாலா டீ எஸ்டேட்டில் அவள் கொழுந்து பறிக்கும் நிரை மட்டும் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்தது. பக்கத்து நிரைகள் பச்சையாகவே நின்றன. சூப்பர்வைசர் மருந்தடித்துப் பார்த்துவிட்டு, செடிக்கும் மெடிக்கல் லீவு என்று சிரித்தார். வெள்ளையணு ஏறாமல் அடுத்த கீமோ கிடையாது என்று கோயம்புத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். மார்பிலிருந்த கட்டி அதற்காகக் காத்திருக்கவில்லை.

நிரையின் ஓரத்தில், சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருந்த ஒரு கொடி மட்டும் வெளுக்கவில்லை. சாந்தாமணி யாரையும் கேட்காமல் அதைக் கசாயம் வைத்துக் குடித்தாள். மறுநாள் மூன்று செடிகள் பச்சையாயின, அணுவும் கொஞ்சம் ஏறியது. மகள் தாரிணிக்குத்தான் பயம். அந்த வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள், அதுவும் தாவரவியலில். அவள் படித்த எந்தப் புத்தகத்திலும் அந்தக் கொடி இல்லை. கீமோ மருந்தோடு சேருமா என்று சோதிக்காமல் இரண்டாம் முறை கொடுக்கக் கூடாது என்று, தனக்குக் காலேஜில் சீட்டு வாங்கித் தந்த பேராசிரியர் எல்லப்பனையே வரவழைத்தாள்.

“ஒரு கிளை போதும்மா. லேப்ல பாத்துட்டுச் சொல்றேன்” என்றார் அவர்.

“எம் புள்ளையப் படிக்க வெச்ச சாருக்கு ஒடிச்சா குடுக்கறதுங்க?” என்று சாந்தாமணி கொடியை வேரோடு தோண்டி, ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்வரை கொண்டுபோய்க் கொடுத்தாள். லயத்து வீடுகளில் வேறு யாராயிருந்தாலும் அப்படித்தான் கொடுத்திருப்பார்கள். தாரிணியும் தடுக்கவில்லை.

அதன்பிறகு சார் போனை எடுக்கவில்லை. பச்சையான மூன்று செடிகளும் திரும்ப வெளுத்தன. கீமோ தள்ளிக்கொண்டே போனது. ஆஸ்பத்திரிக்கு எதிர் மெடிக்கல் கடையில் ஒருநாள் சாரின் படம் ஒட்டிய டானிக் பாட்டில் வரிசையாக நின்றது. அவருடைய பல வருட உழைப்பு என்று போட்டிருந்தது. தாரிணி வேறொரு நம்பரிலிருந்து கூப்பிட்டாள். “உங்கம்மாதானம்மா குடுத்தாங்க, நானா கேட்டேன்?” என்றார். அந்த டானிக்கை வாங்கிக் குடித்தும் சாந்தாமணிக்கு அணு ஏறவில்லை. யாருக்கும் குணம் தெரியவில்லை.

ஆகவே மழைக்காலத்தில் அவரே வந்தார். அந்த நிரையின் மண்தான் விஷயமாக இருக்கும், இரண்டு மூட்டை வேண்டுமென்றார்.

“எங்கம்மா எலும்பையும் தோண்டித் தரட்டுங்களா சார்? உள்ள ஏதாச்சும் மிச்சமிருக்கும், பாட்டில்ல அடைச்சுக்கலாம்” என்றாள் தாரிணி.

“சும்மா இரு பாப்பா. வந்தவருக்கு டீ குடுக்காம அனுப்பறதா?” என்றாள் அம்மா. வீட்டில் தூள் தீர்ந்திருந்தது. வெளுத்த நிரையில் கிள்ளி அவளே வறுத்து வைத்ததுதான் இருந்தது. டீ வெந்நீர் மாதிரி நிறமில்லாமல் இறங்கியது. சார் ஊதி ஊதி முழுசாகக் குடித்தார்.

முதலில் மீசை வெளுத்தது. பிறகு உதடு, கை, சட்டைக் கோடுகள். கூடலூர் பஸ் கண்டக்டர் ஒன்றும் கேட்காமல் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். விடியும்போது நிரை கடைசிச் செடிவரை பச்சையாக நின்றது. அந்த வாரமே மூன்றாவது கீமோ ஏறியது.

சாந்தாமணி இப்போது அதே நிரையில் கொழுந்து பறிக்கிறாள். “சாருக்கு ஒரு போன் போட்டு, சௌக்கியமான்னு கேளு கண்ணு” என்று இன்னமும் சொல்கிறாள். தாரிணி போடுவதில்லை. சார் நன்றாகத்தான் இருக்கிறார். ஒயிட் போர்டு முன்னால் நின்றால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். பிள்ளைகள் குரல் வரும் பக்கம் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள்.