அடுத்த வருஷத்து மாடி

எங்கள் ஊரில் வாடகை வீட்டுக்குச் செய்கிற செலவு, வரி அலுவலகம் அதை எந்த வருஷக் கணக்கில் சேர்க்கிறதோ அந்த வருஷத்தில்தான் பலிக்கும். மார்ச்சில் பூட்டு மாற்றி, அலுவலகம் அதை ஏப்ரலுக்குத் தள்ளிவிட்டால், புதுப் பூட்டு கதவில் தொங்கும், ஆனால் பூட்டாது. இது திருடர்களுக்கும் தெரியும். மார்ச் முழுக்க அவர்கள் சுறுசுறுப்பாக இருப்பார்கள்.

ஸ்டெல்லா டீச்சர் மார்ச் கடைசியில், மழை ஒழுகாமலிருக்க மொட்டைமாடித் தளத்துக்குத் தட்டோடு பதித்தார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நினைத்ததை முடிக்காமல் உட்கார மாட்டார். முடித்த பிறகும் அதிகம் உட்கார்ந்ததில்லை. கீழ்வீட்டில் அவர் இருந்தார், மாடியில் செல்லக்கனி வாடகைக்கு இருந்தாள். கனிக்கு ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்திருந்தது. தாய்வீடு என்று போய் உட்கார அவளுக்கு இடம் கிடையாது. புருஷன் லாரியோடு வடக்கே போயிருந்தான். மறுநாள் பச்சைப்பிள்ளையோடு அவள் இந்த மாடிக்குத்தான் வரவேண்டும்.

அன்றைக்குப் பார்த்துக் கோடைமழை பிடித்துக்கொண்டது. டீச்சர் மேலே போய்ப் பார்த்தார். புதுத் தட்டோடு அங்கே இல்லாததுபோல மழை நேராகக் கட்டில்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. கட்டிலை நகர்த்தினார். மழையும் நகர்ந்தது. குடையை எடுத்துக்கொண்டு கொத்தனார் சொரிமுத்துவிடம் போனார்.

“பில்லுல என்ன தேதிய்யா போட்டீரு?”

“சித்திரை ஒண்ணு, டீச்சர். பங்குனியில வீட்டு வேலைன்னு எழுதப்புடாதுல்லா? ஆகாத மாசம்.”

“வேலையைப் பங்குனியிலதானே செஞ்சீரு?”

“செய்யலாம். எழுதத்தான் கூடாது.”

டீச்சருக்குக் கோபம் தலைக்கேறியது. தனக்கு எல்லா மாசமும் ஆண்டவரின் மாசம்தான் என்று சொல்லிப் பார்த்தார். சொரிமுத்து மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அந்த மனுஷன் நல்லதை நினைத்துத்தான் அப்படிச் செய்திருக்கிறார் என்பது கோபத்தை இன்னும் கூட்டியது.

வரி அலுவலகத்து அதிகாரி பொறுமைசாலி. பில்லைப் பார்த்தார், ஜன்னல் வழியே மழையைப் பார்த்தார். கொடுத்த தேதியைத் திருத்த வழியில்லை, தட்டோடு ஏப்ரலில்தான் இருக்கிறது என்றார். டீச்சர் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் இருமினார்கள். அவர் இருமலுக்கெல்லாம் அசைகிறவர் இல்லை.

“செலவு அடுத்த வருஷத்துக்குப் போகும்னா, வரவும் போகுமா சார்?”

“போகும். அடுத்த வருஷ வாடகைக்கு இப்பவே அட்வான்ஸ் வாங்கிட்டீங்கன்னா மாடியையே அந்தப் பக்கம் சேத்திரலாம். குடியிருக்கிறவங்களும் அதோட போயிருவாங்க.”

“அப்ப பிள்ளை நனையாதுல்லா?”

“நனையாது. ஆனா இந்த வருஷம் உங்க தலைக்கு மேல மாடி இருக்காதும்மா. மழை உங்க மேல விழும்.”

“விழட்டும். நீங்க முத்திரையை எடுத்து வையுங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்திருதேன்.”

ஆஸ்பத்திரியில் கனி முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை அவிழ்த்து அட்வான்ஸாகக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. டீச்சர் அலுவலகத்துக்குத் திரும்பி, முத்திரை விழுகிற சத்தத்தைக் காதால் கேட்ட பிறகுதான் கிளம்பினார்.

மறுநாள் சாயங்காலம் கனி பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாள். மாடிப்படியில் பாதி ஏறியதும் திரும்பிப் பார்த்தாள்.

“நீங்க வரலியா டீச்சர்?”

“எனக்கு இந்த வருஷத்துலயே வேலை கெடக்கு. நீ ஏறுட்டி, ஈரக்காத்து அடிக்குது.”

கனி ஏறினாள். அவள் கால் கடைசிப் படியைத் தாண்டியதும் மாடி போய்விட்டது. மேலே வானம் இருந்தது. நடுப்படியில் தொடங்கிய அடுத்த வருஷம் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. அங்கே நல்ல வெயில்.

மழை கீழ்வீட்டுக்குள் இறங்கியது. டீச்சர் அரிசிப்பானையைக் கட்டிலுக்கடியில் தள்ளினார், அடுப்புக்குக் குடை பிடித்தார், தான் நனைந்தார். மேலேயிருந்து ஒரு சொட்டுச் சத்தம்கூட இல்லை. பிள்ளை காய்ந்த பாயில் தூங்குகிறது என்று நினைத்தபோது அவருக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. தனியாக உட்கார்ந்து சிரித்தார். காபி தண்ணியாகத்தான் இருந்தது. அதையும் குடித்தார்.

அடுத்த வருஷம் அதன் போக்கில் போய்க்கொண்டிருந்தது.

“டீச்சர், கவுந்துட்டா!” என்று கனி மேலேயிருந்து கத்தினாள். காபி தம்ளரைக் கழுவி வைப்பதற்குள் “பல்லு வந்துட்டு டீச்சர்!” என்றாள். மழை விட்டபாடில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் படியில் சின்னக் கொலுசுச் சத்தம் கேட்டது. பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது. வெயில் பட்ட முகம். முடி காய்ந்து பறந்தது.

டீச்சர் பதறி எழுந்தார்.

“இறங்காத தாயி. இங்க இன்னும் மார்ச்சுதான்.”

பிள்ளை நடுப்படியில் நின்றது. ஒரு கையை மட்டும் மார்ச்சுக்குள் நீட்டி மழையைத் தொட்டுப் பார்த்தது. பிறகு மேலே போய், இழுத்துக்கொண்டு வந்த துண்டு ஒன்றை டீச்சர் மேல் போட்டது. அது அடுத்த வருஷத்துத் துண்டு. தலை ஏப்ரலில்தான் காயும். டீச்சர் நன்றாக அழுத்தித் துவட்டிக்கொண்டார்.