தட்சணைத் தட்டில் வண்டிக் காசு

ஆறுமுகச்சாமி பதினெட்டு வருஷம் சபரிமலை ஏறிக் குருசாமி ஆனவர். சங்கரன்கோவிலில் குருசாமிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தட்சணையைக் கையால் தொடாத குருசாமி தான் ஒருவர்தான் என்பது அவருடைய எண்ணம். இருமுடி கட்டும் நாளில் கன்னிச்சாமிகள் வெற்றிலையில் வைத்து நீட்டும் தட்சணையை, எல்லார் கண்முன்னாலும் தெருப் பிள்ளையார் கோவில் அன்னதான உண்டியலில் போட்டுவிடுவார். போட்ட கையோடு ஒரு சின்னப் பிரசங்கமும் உண்டு. போன வருஷம் பக்கத்துத் தெரு குருசாமி தட்சணையை மடியில் கட்டிக்கொண்டார் என்று கேள்விப்பட்டு, "அது தட்சணை இல்ல, கூலி" என்று நாலு பேர் சிரிக்கச் சொன்னார். அந்த மனிதர் அதற்குப் பிறகு இவரைத் தூரத்தில் கண்டாலே வேறு சந்தில் நுழைந்துவிடுகிறார்.

சாமி சோறு போடாது. சோறு போட்டது ஒரு லோடு வண்டி. குட்டியானை என்று ஊரே சொல்லுமே, அதுதான். கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் பறித்த மல்லியையும் பிச்சியையும் ஏற்றிக்கொண்டு, ஏலம் தொடங்குமுன் பூ மார்க்கெட்டில் இறக்க வேண்டும். பூ காத்திருக்காது. அதனால் பூக்காரர்களும் வண்டிக்காரனுக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு நாள் பூவை இறக்கிவிட்டு, டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தி டீயை ஊதிக்கொண்டிருந்தார். எதிரில் நின்ற டிராக்டர் ரிவர்ஸில் வந்தது. ரோடு அகலமாகத்தான் கிடந்தது. ஆனாலும் அது வளைந்து வளைந்து தேடிவந்து குட்டியானையின் முகத்தில் மோதி, டீக்கடைச் சுவரோடு சேர்த்து நெரித்துவிட்டுத்தான் நின்றது. இறங்கியவன் சுடலைராஜ். காலையிலேயே சாராய வாசனை தூக்கியது.

"எவம்வே இந்த வண்டிய நடுரோட்டுல நிப்பாட்டுனது?" என்று அவன் கேட்டான்.

ஸ்டேஷனில் ஏட்டம்மா ஞானபூரணம் ஊதச் சொன்னார். சுடலைராஜ் ஊதியதில் கருவியே திணறியது. டிராக்டருக்கு இன்சூரன்ஸ் எங்கே என்று கேட்டதற்கு, "அது போன வருசமே முடிஞ்சிட்டு மேடம்" என்றான். ஏதோ வயதான உறவினர் தவறிப்போன செய்தியைச் சொல்வதுபோல் அவ்வளவு பணிவு. டிராக்டரும் தவணைக்கு எடுத்தது. அதாவது வண்டி பைனான்ஸ்காரனுக்குச் சொந்தம், கடன் மட்டும் இவனுக்குச் சொந்தம்.

"அண்ணாச்சி, குடிச்சிட்டு ஓட்டுனதுக்குக் கேசு போட்டுட்டேன். ஆனா அந்த அபராதம் கவர்மெண்டுக்குப் போகும். ஒங்க வண்டிச் செலவுக்கு நீங்க தனியாக் கோர்ட்டு ஏறணும். செயிச்சாலும் இவன்கிட்ட என்ன இருக்கு, பிடுங்க?" என்றார் ஏட்டம்மா.

ஆறுமுகச்சாமியின் இன்சூரன்ஸோ அடுத்தவன் வண்டிக்குச் சேதமானால்தான் பணம் தரும். தன் வண்டிக்கு ஒன்றும் கிடையாது. மிச்சம் பிடிப்பதாக நினைத்து அவரே கேட்டு வாங்கியது அது.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. நாலு நாளில் கார்த்திகை பிறக்கிறது. இவன் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டுவிட்டால் குடிக்க மாட்டான். குடிக்காவிட்டால் கடைக்குப் போகிற காசு மிஞ்சும். மிஞ்சுகிற காசு நேராகத் தன்னிடம் வரும். வண்டியும் சரியாகும், ஒரு குடிகாரனைத் திருத்திய புண்ணியமும் சேரும். மாலை போட்டு, வண்டிச் செலவையும் தந்துவிடுவதாகச் சுடலைராஜ் அங்கேயே தலையாட்டினான்.

"மாலை போட்டா சொன்ன சொல்லு மாற மாட்டான் மேடம். அய்யன் பாத்துக்கிடுவான்."

"ஒங்க சாமி மேல எனக்கும் நம்பிக்கை உண்டு அண்ணாச்சி. இவன் மேலதான் இல்ல" என்றார் ஏட்டம்மா. இருந்தாலும் பணம் வந்ததும் சொல்லுங்க, புகாரை முடித்துவிடலாம் என்று அனுப்பிவைத்தார்.

கார்த்திகை முதல் தேதி சுடலைராஜுக்குத் தன் கையாலேயே மாலை போட்டார். அன்றிலிருந்து சுடலைராஜ் சொட்டு தொடவில்லை. தொடாதது மட்டுமா? பச்சைத் தண்ணீரில் குளியல், தரையில் படுக்கை, பொய் கிடையாது, கோபம் கிடையாது. ஆறுமுகச்சாமி பூரித்துப்போனார். ஒரு வாரம் கழித்துத்தான் காசு ஒன்றும் வரவில்லையே என்று உறைத்தது.

"சாமி, டிராக்டர் ஓடலையா சாமி?" என்று பக்குவமாகக் கேட்டார். மாலை போட்டவனைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும், கடிந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. வருஷா வருஷம் அவரே சொல்லிக்கொடுக்கிற விதி.

"இன்சூரன்ஸ் இல்லாத வண்டிய ஓட்டுதது தப்புல்லா சாமி? கழுத்துல மாலையப் போட்டுக்கிட்டு அந்தத் தப்ப எப்படிச் செய்ய?"

"அப்பம் இன்சூரன்ஸக் கட்டிரலாம்லா சாமி?"

"கட்டக் காசு வேணும்லா சாமி. அத டிராக்டர் ஓட்டித்தான சம்பாதிக்கணும்."

ஆறுமுகச்சாமி சரணம் சொன்னார். இந்தப் பயல் குடித்துக்கொண்டே இருந்திருந்தால் இதைவிட லாபமாக இருந்திருப்பானே என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வேலையில்லாத கன்னிச்சாமி காலையும் மாலையும் குருசாமி வீட்டுக்குப் பஜனைக்கு வந்தான். பஜனைக்கு வந்தவனுக்குச் சாப்பாடு போடாமல் அனுப்ப முடியாது. மனைவி மாடத்தி அடுப்படியிலிருந்து சொன்னாள்: "காசு வாங்கப் போனிய, திங்கதுக்கு ஆள வாங்கிட்டு வந்திருக்கிய."

வொர்க்‌ஷாப்பில் செல்வக்குமார் பாதிப் பணமாவது வைத்தால்தான் சாமான் வாங்க முடியும் என்றான். பூக்காரர்கள் மூக்காண்டி என்பவனின் வண்டியைப் பிடித்துக்கொண்டார்கள். தை பிறப்பதற்குள் வண்டியோடு வந்தால் பழைய லைன் உங்களுக்கு, இல்லாவிட்டால் மூக்காண்டிக்கே என்று சொல்லிவிட்டார்கள். தை முகூர்த்தப் பூ போனால் வருஷமே போன மாதிரி. ஆறுமுகச்சாமிக்கு உறக்கம் போயிற்று.

ஒரு நாள் சுடலைராஜ் மலர்ந்த முகத்தோடு வந்தான்.

"சாமி, வேலை கிடைச்சிட்டு. மூக்காண்டி வண்டியில பூ ஏத்தி இறக்குதேன். நீங்க போன அதே தோட்டந்தான். இருமுடி கட்டுத அன்னைக்கு மொத்தமாத் தந்திருதேன் சாமி, நீங்க ஒண்ணும் நெனைக்காதிய."

தன் பிழைப்பைத் தின்கிற வண்டியில் கூலி வாங்கித் தன் வண்டியைச் சரிபண்ணப்போகிறான். இதில் சிரிப்பதா அழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் இந்தப் பயல் பொய் சொல்ல மாட்டான் என்பது மட்டும் இப்போது நிச்சயமாகத் தெரிந்தது. மாடத்தியிடம், "இருமுடியோட நம்ம கஷ்டம் தீந்துட்டு" என்றார்.

மார்கழியில் இருமுடி கட்டும் நாள் வந்தது. பிள்ளையார் கோவில் முன் பந்தல். ஒவ்வொரு சாமியாக நெய்த்தேங்காய் நிறைத்து, முடி கட்டி, காலில் விழுந்து, தட்டில் தட்சணை வைத்தார்கள். பதினொன்று, ஐம்பத்தொன்று, ஒருவர் நூற்றொன்று. எல்லாவற்றையும் ஆறுமுகச்சாமி உண்டியலில் போட்டுக்கொண்டே வந்தார். பந்தலின் ஓரத்தில் பக்கத்துத் தெரு குருசாமியும் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் பிரசங்கம் கொஞ்சம் நீண்டது.

"குருசாமி கையில ஒத்த ரூவா தங்கக் கூடாது. தங்குனா அவன் குருசாமி இல்ல."

கடைசியாகச் சுடலைராஜ் வந்தான். கூடவே அவன் மனைவி தேன்மொழி. அவள் காது வெறுமையாக இருந்தது. சுடலைராஜ் விழுந்து எழுந்து, வெற்றிலை மேல் ஒரு மஞ்சள் துணி முடிச்சை வைத்தான். அவிழ்ந்த ஓரத்தில் ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் தெரிந்தன. கூட்டம் எட்டிப் பார்த்தது.

"சாமி, இது வந்து..." என்றார் ஆறுமுகச்சாமி.

"அதேதான் சாமி, முழுசா இருக்கு. கொறைஞ்சதுக்கு இவ கம்மல அடகு வச்சேன்" என்று சுடலைராஜ் தணிந்த குரலில் சொன்னான். "கடன்னு கையில குடுத்தா மரியாதையா இருக்காது, குடியில இருந்து மீட்ட குருவுக்குத் தட்சணையாவே வையுங்கன்னு தேன்மொழிதான் சொன்னா."

தேன்மொழி கண் கலங்கக் கும்பிட்டாள். மாடத்தி கூட்டத்திலிருந்து தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். உண்டியலில் போட வேண்டாம் என்று அர்த்தம். பக்கத்துத் தெரு குருசாமி கட்டிய கையை அவிழ்த்து, ஒரு அடி முன்னால் வந்து நின்றார்.

இது வண்டிக் காசு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆறுமுகச்சாமிக்கும் அது தெரியும். ஆனால் ஒற்றை ரூபாய் தங்கக் கூடாது என்று சொல்லி இன்னும் வாய் ஈரம் காயவில்லை. கை தானாக உண்டியலுக்குப் போயிற்று. முடிச்சு துவாரத்துக்குள் அடங்கவில்லை. அவிழ்த்து, தாள் தாளாகத்தான் போட வேண்டியிருந்தது. கூட்டம் சரணம் முழங்கியது. பக்கத்துத் தெரு குருசாமியின் சத்தம்தான் எல்லாவற்றிலும் உரக்கக் கேட்டது.

"நம்ம கணக்கு தீந்துட்டுல்லா சாமி?" என்று சுடலைராஜ் கேட்டான்.

"தீந்துட்டு சாமி."

சபரிமலைக்குப் போகிற வேனில் ஏறும்போது போன் அடித்தது. ஏட்டம்மா.

"அண்ணாச்சி, அந்த டிராக்டர்க்காரன் பணத்தக் குடுத்துட்டானா? புகார முடிச்சிரலாமா?"

மாலை போட்டுக்கொண்டு பொய் சொல்லக் கூடாது. அதற்கு அவசியமும் இல்லை.

"குடுத்துட்டான் மேடம். முழுசா வந்துட்டு."

"அப்படிப் போடுங்க. பொறவு என்ன, வண்டிய எடுத்தாச்சா?"

ஆறுமுகச்சாமி கோவில் வாசலில் நின்ற மாடத்தியைப் பார்த்தார். அவள் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"இல்ல மேடம். அதுக்கு இனிமேத்தான் காசு பாக்கணும்" என்றார்.