பேவரின் வாலைப் பிடித்து

ஜூன் 11, காலை ஒன்பது மணி, ஓடுபாதையின் மேற்கு முனை: முந்தைய நாள் போட்ட சோதனைப் பட்டையிலிருந்து வெட்டியெடுத்த மூன்று துண்டுகளும் அடர்த்தித் தேர்வில் தோற்றன.

விமான நிலையம் இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் கொடுத்திருந்தது. இன்றைய பட்டையும் தோற்றால், பழைய தளத்தின் மேல் புதுத் தார் அடுக்கு போடும் வேலை வேறு குழுவுக்குப் போய்விடும். பேவர் எந்திரம் தார்க் கலவையைச் சூடாகப் பரப்ப, பின்னால் ரோலர் ஓட்டுநர் உருட்டிக்கொண்டு வருவார். இறுக்குவது அவர் வேலை. இறுகவில்லை என்றால் எல்லார் விரலும் அவர் பக்கம்தான் நீளும்.

தரப் பொறியாளர் வெப்பமானியோடு விறுவிறுவென்று வந்தாள்.

"அண்ணே, கலவையில குறையில்ல. பேவர் பரப்புற இடத்துல நூத்தி நாப்பது டிகிரி. நீங்க வந்து சேர்ற இடத்துல தொண்ணூறு. ஏன் அவ்வளவு தள்ளி வர்றீங்க?"

"சூட்டோட ஏறினா பிதுங்கும் மேடம். கொஞ்சம் ஆறட்டும்னு..."

"கனமான ரோட்டுல சரி. இது அஞ்சு சென்டிமீட்டர். வெட்டவெளிக் காத்து வேற. நீங்க வர்றதுக்குள்ள விறைச்சுப் போகுது. அப்புறம் எத்தனை தடவை உருட்டி என்ன?"

உண்மையான காரணம் பேவர் இருக்கையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது: ரோலர் ஓட்டுநருடைய மனைவியின் தம்பி. போன மாதம் வீட்டில் எல்லார் முன்னாலும், "மாமா ஓட்டுறதைப் பார்த்தா ஆமைக்கு லைசென்ஸ் கொடுத்த மாதிரி இருக்கு" என்றவன். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. பேவரை நெருங்கினால் அவன் மூஞ்சியைப் பார்க்க வேண்டியிருக்கும்.

இன்று வேறு வழியில்லை. பேவர் புறப்பட்டதுமே பல்லைக் கடித்துக்கொண்டு அதன் வாலைப் பிடித்தார். ஈர உருளையிலிருந்து ஆவி புஸ்ஸென்று எழுந்தது.

"நூத்தி முப்பத்தஞ்சு! விடாதீங்க அண்ணே!" பொறியாளர் பக்கத்திலேயே ஓடிவந்தாள்.

காலுக்கடியில் கலவை இளகி, அடங்கி, கெட்டிப்படுவது இருக்கை வழியாகவே தெரிந்தது. அவருக்கு உற்சாகம் தலைக்கேறியது. அப்போதுதான் கவனித்தார்: மைத்துனனுக்கு முன்னால் நின்று பேவருக்குள் கலவை கொட்டிய லாரி காலியாகிக்கொண்டிருந்தது. அடுத்தது தூரத்து வாசலில் இப்போதுதான் திரும்புகிறது. இந்த வேகத்தில் போனால் பேவர் நடுவழியில் நிற்கும். நின்ற இடம் ஆறிவிடும். ரோஷம் பார்க்க நேரமில்லை. வாக்கி-டாக்கியை எடுத்தார்.

"மாப்ள! வேகத்தைக் குறை. லாரி வர நேரமாகும். நின்னுடாதே, ஊர்ந்துக்கிட்டே இரு!"

கரகரப்பு. பிறகு குரல் வந்தது.

"ஆமையா என்னை மெதுவா போகச் சொல்றது?"

வாக்கி-டாக்கி வைத்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"ஆமாடா, ஆமைதான் சொல்லுது. வேலை போச்சுன்னு உங்க அக்காகிட்ட நீ போய்ச் சொல்றியா?"

"ஐயையோ, ஆளை விடுங்க மாமா! குறைச்சிட்டேன்!"

பேவர் ஊர்ந்தது. லாரி நேரத்துக்கு வந்து முட்டாமல் சேர்ந்தது. பட்டையின் கடைசிவரை ரோலர் பத்தடிக்கு மேல் பின்தங்கவே இல்லை. அடர்த்திமானியைக் குனிந்து பார்த்த பொறியாளர், தொப்பியைக் கழற்றி வானத்தில் வீசினாள்.

ஜூன் 12, காலை: வெட்டியெடுத்த மூன்று துண்டுகளும் தேறின. பதினோரு மணிக்கு அதே குழு மேற்கு முனையிலிருந்து வேலையைத் தொடங்கியது.