சிபில்லா சீமாட்டியின் வாழ்க்கைக் குறிப்பு

1

ஆறு பிள்ளைகள் என்று சொன்னால் போதும், போதகர் எழுந்து போய்விடுவார். ஆனால் கடைசியாகப் பிறந்தவள் ஒரு காலைப்பொழுது முழுக்க என் கையில் கிடந்தாளே, அவளை எங்கே வைப்பது?

இது சிபில்லா வாய்விட்டுச் சொல்லாதது. நானூறு ஆண்டுகளுக்கு முன், ஜேர்மனியில் ஒரு சிறிய கோட்டையில் சாகக் கிடக்கும் பிரபுக் குடும்பத்துப் பெண் அவள். (நான் உண்டாக்கியவள். எங்கும் தேடாதீர்கள்.) சன்னலுக்கு வெளியே பனி –

[பனி வேண்டாம்.]

2

அந்தக் காலத்தில் அங்கே பிரபுக்களின் அடக்கப் பிரசங்கத்தை வாழ்க்கைக் குறிப்போடு அச்சடித்தார்கள். உயிரோடு இருக்கும்போதே அதை எழுதவைத்தவர்களும் உண்டு. வாசித்ததும் சிரித்துவிட்டேன். பாரிஸ் லா ஷப்பலில், சேந்தன் அண்ணையின் அச்சகத்தில், இறந்தவர்களின் முப்பத்தோராம் நாளுக்கான நினைவு மலர் எழுதுவதுதான் என் வேலை.

"உன்னட்டை வந்தாக் கெட்டவனும் நல்லவனாத்தான் சாகிறான், பிள்ளை" என்பார் அண்ணை.

கணவரின் மலருக்காகப் புறநகர் பொண்டியிலிருந்து வள்ளிநாயகி அக்கா மகனோடு வந்திருந்தார்.

"பிள்ளையள் எத்தினை, அக்கா?"

"நாலு. மூத்தது பிறந்த கிழமையே..."

மகன் கிருஷிகன் கைபேசியிலிருந்து நிமிர்ந்தான். "மமோ, விடுங்கோ. ஆரந்த நாலாவது எண்டு சனம் கேக்கும்."

"ஓம். மூண்டெண்டே போடுங்கோ."

மலர் அழகாகத்தான் வந்தது. அந்த 'நாலு' மட்டும் என்னோடு மெத்ரோவில் ஏறி வீடுவரை வந்துவிட்டது. சிபில்லா பிறந்தது அதற்குப் பிறகுதான்.

3

சிபில்லாவின் ஏழாவது பிள்ளை ஞானஸ்நானம் பெறுமுன்னே இறந்தது. கோவில் பதிவில் அது இல்லை. இந்தக் குறிப்பிலும் விடுபட்டால் அது பிறந்ததாகவே இராது.

முடிவு அ: போதகர் மனமிளகி ஏழு என்று எழுதுகிறார்.

[அழித்துவிட்டேன். கெட்டவர் அல்ல, ஆனால் மேலிடத்துக்குப் பயந்தவர்.]

முடிவு ஆ: அவள் களைத்துப்போய் ஆறு என்கிறாள்.

சேந்தன் அண்ணைக்கு இதுதான் பிடித்தது. "ஆறெண்டு போட்டு முடியன். நானூறு வரியம் கிடந்தது காணாதே? சனிக்கிழமைக்கு மலர் அடிக்கக் கிடக்கு."

எழுதிப் பார்த்தேன். வாக்கியம் சரியாக இருந்தது. அவள்தான் அதற்குள் வரவில்லை.

4

போதகர் மறுபடி கேட்கிறார். "ஆறு என்று போடட்டுமா, சீமாட்டி?"

"அப்படியென்றால் எதுவும் எழுத வேண்டாம்."

"உங்கள் குலத்தில் குறிப்பில்லாமல் யாரும் போனதில்லையே!"

"நான் போகிறேன்."

அவர் வெற்றுத்தாளைச் சுருட்டிக்கொண்டு போகிறார். அறையில் நானும் அவளும்தான். இங்கே முடித்திருக்கலாம். நீங்கள் விரும்பினால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

எனக்கு ஆசை விடவில்லை. ஒரு காலைப்பொழுது முழுக்க ஏந்தியிருந்தவள் பெயர் சொல்லி அழைக்காமலா இருந்திருப்பாள்? குனிந்து கேட்டேன்: "பெயரை எனக்காவது சொல்லுங்கள். பத்திரமாக எழுதிவைக்கிறேன்."

அவள் கோபப்படவில்லை. போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டாள்.

"உனக்கும் இல்லை" என்றாள்.