மாணவி பி-யின் இடது கை

திரையில் என் மூளையைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். "மாணவி பி: தாளம் பிடிபடாத மூளைக்கு ஓர் எடுத்துக்காட்டு." அறுபது தட்டில் நான்குதான் சரி என்று கீழே சிவப்பில் ஒரு வட்டம் வேறு. பெயர் போடவில்லையாம், அது எனக்குச் செய்யும் மரியாதையாம். வகுப்பில் மொத்தம் பதினெட்டுப் பேர். பி-யில் தொடங்கும் பெயர் என் ஒருத்திக்குத்தான் இருக்கிறது. அப்புறம் என்ன மரியாதை?

நான் பிரமிளா. ஈப்போவில் ஒரு கல்லூரியில் உளவியல் இரண்டாம் ஆண்டு. நான்கு வருடமாக உறுமி வாசிக்கிறேன். சுங்காய் ஊர்ப் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம் இருக்கிறது. இப்போது முழுக்கச் செம்பனை எண்ணெய் மரம், ஆனால் மாரியம்மன் கோயிலும் கோயிலின் மேளக் குழுவும் அங்கேயேதான் இருக்கின்றன. குழுவில் பதினோரு ஆண்கள், நான் ஒருத்தி. அந்த இடத்தை யாரும் எனக்குச் சும்மா கொடுத்துவிடவில்லை. பொம்பளைப் பிள்ளை உறுமியைத் தொடலாமா என்று கேட்ட வாய்கள் எல்லாம் மூடும்வரை வாசித்துத்தான் வாங்கினேன். எனக்கா தாளம் பிடிபடாது?

எங்கள் பாடத்தின் பெயர் "மூளை இசையை எப்படிக் கேட்கிறது." அதை விரிவுரையாளர் நடத்துவதில்லை, நாங்களே நடத்துகிறோம். வாரம் ஒரு குழு பாடம் எடுக்கும், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு புத்தகமாக்கி அடுத்த ஆண்டு மாணவர்களுக்குக் கொடுப்போம். புத்தகத்தில் எது இருக்கலாம், எது கூடாது என்பதைக் கை தூக்கி முடிவு செய்வோம். விரிவுரையாளர் டாக்டர் நவமணி பின் வரிசையில் உட்கார்ந்திருப்பார், நாங்களாகக் கேட்டால் ஒழிய வாய் திறக்கமாட்டார். இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அன்றைய தினம் வரை.

அன்று பாடம் எடுத்தவள் ஷாமினி. ஆறு வயதிலிருந்து பியானோ, கை நிறையச் சான்றிதழ்கள். கெட்டவள் என்று சொல்லமாட்டேன். பாடத்தையும் நன்றாகத்தான் எடுத்தாள். தாளம் கேட்கும்போது காது மட்டும் வேலை செய்வதில்லையாம். உடம்பை அசைக்கிற பகுதிகளும் சேர்ந்து விழித்துக்கொள்கின்றனவாம். அடுத்த தட்டு எப்போது விழும் என்று மூளை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துவிடுகிறதாம். கேட்டுக்கொண்டே தலையாட்டினேன். அடுத்த படத்தில் நான் வந்தேன்.

"அதை எடு," என்றேன். வகுப்பில் பேச்சு ஆங்கிலமும் மலாயுமாக ஓடும். சண்டை என்றால் நானும் ஷாமினியும் தமிழுக்கு வந்துவிடுவோம்.

"கோவிச்சுக்காதேலா பிரமிளா. இது ஒரு டேட்டா. அவ்வளவுதான். வேணும்னா டெஸ்ட்ட இன்னொரு தடவை பண்ணேன். கொஞ்சம் பிராக்டிஸ் பண்ணிட்டு வா."

"எதுக்கு பிராக்டிஸ்? தப்பு டெஸ்ட்ல இருக்கு, என்கிட்ட இல்ல."

யாரோ சிரித்தார்கள். சரி, வழக்கம்போல வாக்கெடுப்பு என்றாள் ஷாமினி. அந்தப் படம் புத்தகத்தில் இருக்கட்டும் என்று பதினைந்து கைகள் எழுந்தன. அதில் ஒரு கை ஹைகலுடையது. சோதனையை நடத்தியவனே அவன்தான். சோதனை நடந்த அன்று மதிய இடைவேளையில் அவன் அத்தா அப்துல் நாசரின் கடையிலிருந்து எல்லாருக்கும் நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம் கொண்டுவந்து, "சாப்பிட்டுக்கிட்டே ஆளுக்கு ஒரு தரம் தட்டுங்க, சீக்கிரம் முடிச்சிரலாம்" என்று மடிக்கணினியை நீட்டியவனும் அவன்தான். காதுக் கருவியில் கேட்கும் தாளத்துக்கு ஏற்ப ஒரு விசையைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான் சோதனை. ஒரே மேசையில் உட்கார்ந்து சோறு தின்ற கை இப்படி எழுந்து நிற்கிறதே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அது அத்தோடு போயிருந்தால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். யாரோ திரையைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் அது எங்கள் மேளக் குழுவின் வாட்ஸ்அப்புக்கு வந்து சேர்ந்தது. என் வகுப்புப் படம் என்பதால் பி யார் என்று அங்கே யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குழுத் தலைவர் யுகேந்திரன் அண்ணன், தவில்காரர், எனக்குத் தனியாக ஒரு குரல் செய்தி அனுப்பினார்.

"பிரமிளா, திருவிழாவுக்கு மூணு வாரந்தான் இருக்கு. உறுமிய கொண்டாந்து குடுத்துரும்மா. நான் சொல்லல, கம்ப்யூட்டரே சொல்லிருச்சு. பசங்க சிரிக்கிறாங்கலா."

கேட்டுவிட்டு அந்தச் செய்தியை இன்னொரு தரம் போட்டுக் கேட்டேன். குரலில் ஒரு நிம்மதி இருந்தது. நான்கு வருடமாகத் தேடிக்கொண்டிருந்த காரணம் கிடைத்துவிட்ட நிம்மதி.

அப்பா தாப்பாவுக்குப் பஸ் ஓட்டுகிறார். வேலை முடிந்து வந்தவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "விடும்மா, பேருதான் போடலையே," என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அதுதான் இன்னும் கோபத்தைக் கிளப்பியது. பெயரைப் போட்டிருந்தால் ஒரு ஆளைச் சொன்ன மாதிரி இருக்கும். பெயர் இல்லாத பி என்றால் அது வெறும் குறைதானே? யுகா அண்ணனுக்கு ஒரு வரி எழுதி அனுப்பினேன்: "உறுமி என்கிட்டதான் இருக்கும். புதன்கிழமை ரெண்டு மணிக்கு எங்க வகுப்புக்கு வாங்க."

புதன்கிழமை என்ன செய்வது என்று அப்போது எனக்கே தெரியாது.

மறுநாள் ஹைகலின் அத்தா கடைக்குப் போனேன். கல்லாவில் உட்கார்ந்திருந்தவன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"நீ கை தூக்குனேல்ல?"

"ஸாரிலா. எல்லாரும் தூக்குனாங்க."

"எல்லாரும் கிணத்துல குதிச்சா நீயும் குதிப்பியா? என் கணக்க எடு. மார்க் வேணாம். ஒவ்வொரு தட்டும் எப்ப விழுந்துச்சுன்னு வேணும்."

மூலை மேசையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தான். அறுபது வரி எண்கள் இறங்கின. முதலில் அலட்சியமாகத்தான் பார்த்தான். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான்.

"அலமாக்."

"என்னடா?"

"நீ தப்பா தட்டல. முந்தித் தட்டியிருக்க. ஒவ்வொண்ணும் நூத்தி நாப்பது மில்லி செகண்ட், கிட்டத்தட்ட அதே அளவு. எம்பதுக்கு மேல முந்துனா மெஷின் தப்புன்னு போட்ரும். ஆனா பாரு, இவ்வளவு சீரா வகுப்புல யாருமே தட்டல. ஷாமினி கூட இல்ல."

அதே தாளத்தைப் போடச் சொல்லி மேசையில் தட்டிப் பார்த்தேன். முந்தவில்லை. மறுபடியும் தட்டினேன். சரியாகத்தான் விழுந்தது. ஹைகல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கு எந்தக் கையால தட்டுன?"

"எந்தக் கையா? சோத்துக் கையாலயா தட்ட முடியும்? அதுதான் உங்க அத்தா கடை மீன் கொழம்புக்குள்ள கெடந்துச்சே. இடது கையாலதான்..."

அங்கேயே நிறுத்திவிட்டேன். உறுமியில் இடது கைதான் வளைந்த குச்சியைப் பிடித்துத் தோலில் தேய்க்கிறது. தேய்க்கத் தொடங்கிய உடனே சத்தம் வந்துவிடாது. குச்சி கொஞ்ச தூரம் ஓடிய பிறகுதான் அந்த உறுமல் எழும்பும். அது தாளத்தில் வந்து விழ வேண்டும் என்றால் கை அதற்கு முன்னாலேயே கிளம்பியாக வேண்டும். நான்கு வருடமாக என் இடது கை அப்படித்தான் கிளம்பிக்கொண்டிருக்கிறது. நேர்குச்சியால் அடிக்கும் வலது கைக்கு அந்த வேலை கிடையாது.

"ஹைகல், ஒங்க அத்தாகிட்ட ஒரு டீ சொல்லு," என்றேன்.

புதன்கிழமை உறுமியைத் தோளில் மாட்டிக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தேன். யுகா அண்ணன் வந்திருந்தார். வேலைச் சட்டையோடு டாக்டர் நவமணிக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, வந்திருக்கக் கூடாதோ என்பது போல் முழித்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு வேற குரூப்போட பாடம் இருக்கு பிரமிளா," என்றாள் ஷாமினி.

"பாடத்துல தப்பு இருக்குன்னு நெனைக்கிறவங்க பத்து நிமிஷம் எடுத்துக்கலாம். அந்த விதிக்கு நீயும்தான் கை தூக்குன."

ஹைகல் மடிக்கணினியைத் திரையோடு இணைத்தான். அதே சோதனை, அதே அறுபது தட்டு. முதலில் இடது கை. அறுபதில் மூன்று. யாரோ மூக்கால் சிரித்தார்கள். சிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்து வலது கை. அறுபதில் ஐம்பத்தெட்டு. அது ஷாமினி வாங்கியதைவிட இரண்டு கூட. சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

"சொல்லுங்க," என்றேன், இந்தத் தரம் எல்லாருக்கும் புரிகிற ஆங்கிலத்தில். "தாளம் பிடிபடாத மூளை இதில் எந்தப் பக்கம் இருக்கிறது?"

பிறகு உறுமியை எடுத்தேன். காதை மூடிக்கொண்டு இடது கையை மட்டும் பாருங்கள் என்றேன். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள் என்றேன். கடைசியில் இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு கவனிக்கச் சொன்னேன். கை முன்னால் போனது, உறுமல் தாளத்தில் வந்து உட்கார்ந்தது. பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்கு வாசித்தேன். வேண்டுமென்றேதான் வாசித்தேன்.

"அடுத்த தட்டை மூளை முன்கூட்டியே கணக்குப் போடுகிறது என்று ஷாமினிதான் சொன்னாள். என் இடது கை போடும் கணக்கு இதுதான். அதைத்தான் தாளம் பிடிபடாதது என்று எழுதி வைத்திருக்கிறீர்கள்."

டாக்டர் நவமணி முதன்முறையாக, யாரும் கேட்காமலேயே, வாய் திறந்தார். "நல்ல விளக்கம். ஆனா இது ஒரே ஒருத்தர். ஒருத்தர வெச்சு முடிவு கட்டலாமா?"

"அந்தப் படத்தையும் ஒருத்திய வெச்சுத்தானே மேடம் போட்டாங்க? அப்ப யாரும் கேக்கலையே."

அவர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. நான் பின்பக்கம் திரும்பினேன்.

"மேளக்காரர் ஒருத்தர் வந்திருக்காரு, அவரக் கேளுங்க. அண்ணே, உறுமி தேய்க்கிற கை எப்ப கெளம்பும்?"

யுகா அண்ணன் எழுந்து நின்றார். பதினெட்டுப் பேரும் அவரையே பார்த்தார்கள். "முன்னாடியே கெளம்பிரும்," என்றார். "இல்லாட்டி சத்தம் பிந்திரும். மேளக்காரங்க எல்லாத்துக்கும் தெரியும்."

"தெரியும்ல? நாலு வருஷமா என் பக்கத்துல நின்னு தவில் அடிக்கிறீங்க. ஒரு திருவிழாவுல என் உறுமி பிந்தியிருக்கா?"

"இல்லம்மா."

"இவங்க என் வாசிப்பக் கேட்டதே இல்ல, தெரியாம எழுதிட்டாங்க. நீங்க தெரிஞ்சே ஏண்ணே உறுமியக் கேட்டீங்க?"

அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் நான் அவரை அங்கே வரவழைத்தேன் என்பது கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஷாமினியின் முகம் சிவந்திருந்தது. "ஸாரி பிரமிளா. அந்த ஸ்லைட எடுத்துர்றேன். ஒரு தப்பும் இல்லாத மாதிரி பண்ணிர்றேன்."

"எடுக்காதே."

"நீதானே எடுக்கச் சொன்ன?"

"அது போன வாரம். இப்ப எடுத்தா அப்படி ஒண்ணு நடக்கவே இல்லன்னு ஆயிரும். அப்படியே இருக்கட்டும். நாலுக்குப் போட்ட சிவப்பு வட்டமும் இருக்கட்டும். கீழ, தப்பு டெஸ்ட்லன்னு எழுது, எந்தக் கை ஏன் முந்துதுன்னு எழுது. அடுத்த வருஷம் படிக்கிறவங்க ரெண்டையும் பாக்கட்டும்."

"சரி. வாக்கெடுப்பு..."

"என் காத வெச்சு ஒரு தடவ கை தூக்குனது போதும்."

யாரும் கை தூக்கவில்லை. ஷாமினி விசைப்பலகையை இழுத்துக்கொண்டு நான் சொன்னதைத் தட்டினாள். முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "மாணவி பி-ன்னே விட்டுரவா?"

"வேணாம். ஐசி கார்டுல இருக்கிற மாதிரி முழுசா போடு. பிரமிளா அனாக் பெரம்புவான் பத்துமலை. பக்கத்துல உறுமின்னு போடு."

எழுத்து எழுத்தாகத் திரையில் என் பெயர் வந்தது. பிறகு மகள் என்பதற்கான மலாய்ச் சொல்லும் அப்பா பெயரும். படம் எடுத்துக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டேன்.

வகுப்பு கலைந்ததும் யுகா அண்ணன் முன்னால் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், "குடும்மா, கார் வரைக்கும் தூக்கியாரேன்," என்று உறுமிக்குக் கை நீட்டினார்.

"விடுங்கண்ணே," என்றேன். "அது என் தோள்லயே இருக்கட்டும்."