வேறொரு ஸ்போர்ட்டிங்

தனபாலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஒன்பது மணி நேரம் ஆகியிருந்தது. இளவேனில் மூடியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தில் அப்பாவின் முகம் கொஞ்ச நேரம் தெரியும். பிறகு நீர் பூத்து மங்கிவிடும்.

"இளவேனி, கொஞ்சம் வெளிய வந்து பாரும்மா" என்று வாசலில் இருந்து கூப்பிட்டார் ரவிக்குமார்.

அவர் மர்பி டவுன் ஃபுட்பால் கிளப்பின் செக்ரட்டரி. அப்பாவோடு ஒரே ஃபேக்டரி டீமில் ஆடியவர். அப்பா லெஃப்ட் பேக், அவர் கோலி. காலையிலிருந்து பந்தல், நாற்காலி, தண்ணீர் கேன் என்று எல்லாம் அவர்தான்.

தெருமுனையில் ஒருவன் ஏணியில் நின்று ஃப்ளெக்ஸின் மேல்முனையைக் கம்பத்தில் கட்டிக்கொண்டிருந்தான். இடப்பக்கம் அப்பா, பழைய மீசையோடு. வலப்பக்கம் தம்பி சஞ்சய். பச்சையும் வெள்ளையும் பட்டை போட்ட சட்டை ஒன்றின் மேல் அவன் தலையை ஒட்டியிருந்தார்கள். கழுத்தின் நிறமும் முகத்தின் நிறமும் சேரவில்லை. கீழே பெரிய எழுத்தில், 'போர்ச்சுகல் ஸ்போர்ட்டிங் வீரர் சஞ்சய் அவர்களின் அன்புத் தந்தை'.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மாமா."

"சாகறதுக்கு முந்தின நாளு அவரு வாயால கேட்டேன்மா. மாஸ்க்க தூக்கிட்டுச் சொன்னாரு. 'ரவி, சஞ்சய லிஸ்பன்ல எடுத்துட்டாங்க'ன்னு. அந்தக் கண்ண நீ பாத்திருக்கணும்."

அவள் பார்த்திருந்தாள். பக்கத்தில்தான் நின்றாள்.

தெருவில் மற்றவர்கள் பிரேசில், அர்ஜென்டினா என்று அடித்துக்கொள்ளும்போது அப்பா மட்டும் போர்ச்சுகல் லீக் பார்ப்பார். "கப்பு மூணு வீட்டுக்குள்ளயே சுத்தும். பென்ஃபிகா, போர்ட்டோ, ஸ்போர்ட்டிங். மத்த பதினஞ்சு பேரும் கீழ விழாம இருக்க ஆடுவான். அதான் ஆட்டம்" என்பார். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஏஜென்ட் வந்து, அங்கே ட்ரையல் இருக்கிறது, பையனை அனுப்புங்கள் என்றபோது அவர் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை.

அங்கே போய் ஆறாவது மாதம் சஞ்சய் வீட்டுக்குச் சொன்னான், தெற்கே ஒரு சின்ன ஊரில் ஸ்போர்ட்டிங் என்ற கிளப்பில் சேர்ந்துவிட்டதாக. ஜில்லா லீக், டிவியில் வராது. அந்த நாட்டில் ஊருக்கு ஊர் ஸ்போர்ட்டிங் உண்டு. தெருக்காரர்கள் லிஸ்பன் ஸ்போர்ட்டிங் என்று நினைத்துக் கைகொடுத்தால் அப்பா பொறுமையாகத் திருத்துவார். "இது வேற ஸ்போர்ட்டிங்பா. நம்ம ஊரு உடுப்பி ஓட்டல் மாதிரி. பேரு ஒண்ணு, கடை வேற."

நேற்று வார்டில் அவர் இளவேனிலிடம் கேட்டதும் சஞ்சயின் கிளப்பைப் பற்றித்தான். "பெரிய கிளப்புல எடுத்துட்டாங்களா?" என்றார். மூச்சு வாங்கியது. அவள் தலையாட்டினாள். "லிஸ்பனா?" என்றார். அதற்கும் தலையாட்டினாள். அன்று முதல்முறையாக அவர் யாரையும் திருத்தவில்லை.

உள்ளே வந்தபோது பெட்டிக்காரர் காத்திருந்தார்.

"எப்ப எடுக்கறீங்க மேடம்? சாயங்காலத்துக்குள்ள எடுத்துட்டா நல்லது. கிட்னி பாடி. தண்ணி கோத்திருக்கு. பெட்டி தாங்காது."

"தம்பி வரணும்" என்றாள் மகா அத்தை, அப்பாவின் தங்கை. "ஒத்தப் பையன். அவன் வராம யாரு கொள்ளி வெக்கறது? எந்த ஃப்ளைட்டுடி? நீதான அவன்கூடப் பேசற?"

"கேட்டுச் சொல்றேன் அத்த."

மூன்றாவது முறையாக அதையே சொன்னாள்.

சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போன் போட்டாள். படம் வர நேரமாயிற்று. சஞ்சயின் தலைக்கு மேல் பாலித்தீன் கூரை காற்றில் படபடத்தது. முகம் வீங்கியிருந்தது.

"அப்பாவக் காட்டுக்கா."

"எல்லாரும் சுத்தி இருக்காங்கடா."

அவன் மூக்கைத் துடைத்தான். விரல் நுனிகள் கருஞ்சிவப்பாக இருந்தன.

"இங்க தங்கறதுக்கான கார்டு இன்னும் வரல. வெளிய போனா திரும்ப உள்ள விட மாட்டான்."

"தெரியும்."

"மேட்ச் இருக்கு, கிளப்புல விடலன்னு சொல்லிடு. அம்மாகிட்ட மட்டும்..." பின்னால் யாரோ கத்தினார்கள். அவன் திரும்பிப் பார்த்தான். "வெச்சிடறேன்கா."

அடுப்பில் யாரோ வைத்த காபி பொங்கி வழிந்து காய்ந்திருந்தது. பிறகு வெளியே வந்து அவன் சொன்னதையே சொன்னாள்.

முதலில் அத்தைதான் வாயைத் திறந்தாள்.

"நல்லா இருக்கே. அப்பன் செத்தாலும் ரெஃப்ரி விசில் ஊதினாத்தான் வருவானா?"

"அக்கா, அப்படிப் பேசாதீங்க. பெரிய கிளப்பு. நம்ம ஃபேக்டரி டீமா, நெனச்சா லீவு போட?" என்றார் ரவிக்குமார்.

"பெத்தவன விடப் பெருசா? வளத்த லட்சணம்!" அத்தை பெட்டியைப் பார்த்துச் சொன்னாள். "அண்ணா, கேட்டியா? உம்புள்ள பந்து உதைக்கப் போயிட்டான்."

இளவேனில் துண்டை எடுத்து மூடியைத் துடைத்தாள். அப்பாவின் உதட்டோரம் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. ஊதுவத்தியைக் கட்டுக்கட்டாக ஏற்றியிருந்தும் அடியில் வேறொரு வாசனை இருந்தது.

ரவிக்குமார் போனை நோண்டிக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்தார்.

"சனிக்கிழமை ராத்திரி ஸ்போர்ட்டிங்குக்கு மேட்ச். கரெக்டா சொல்லியிருக்கான் பையன்." அம்மாவின் பக்கம் திரும்பினார். "அண்ணி, அங்கல்லாம் ஒரு வழக்கம் இருக்கு. வீட்ல அப்பா தவறிட்டா கைல கருப்புப் பட்டை கட்டிட்டு எறங்குவாங்க. அவன் மட்டும் இல்ல, டீம் மொத்தமும் கட்டும். விசிலுக்கு முன்னாடி கிரவுண்டே ஒரு நிமிஷம் எழுந்து நிக்கும்."

அம்மா, மங்களம், விடியற்காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். இப்போது தலையைத் தூக்கினாள்.

"இவருக்காகவா?"

"பின்ன யாருக்கு அண்ணி? நம்ம தனபாலுக்குத்தான். நாம ஒண்ணு பண்ணலாம். கிரவுண்டுல ஸ்க்ரீன் கட்டிடறேன். இவர நடுவுல வெச்சு எல்லாரும் பாப்போம். காலைல நேரா கல்பள்ளி சுடுகாடு. இன்னொரு பெட்டி நான் ஏற்பாடு பண்றேன்."

"இன்னைக்கு வியாழன் சார்" என்றார் பெட்டிக்காரர்.

யாரும் அவரைப் பார்க்கவில்லை. மகா அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வாசலில் நின்றிருந்த பழைய ஆட்டக்காரர்கள் இருவர், ப்ரொஜெக்டர் எங்கே கிடைக்கும் என்று மெதுவாகப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

"வெச்சிருங்க ரவி" என்றாள் அம்மா. "அவன் கட்டறத இவரு பாக்கட்டும். அப்புறம் போகட்டும்."

அவள் முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒன்று வந்திருந்தது. ஏறக்குறைய ஒரு பெருமை. இளவேனில் அதைப் பார்த்தாள். பிறகு பெட்டிக்குள் பார்த்தாள். துண்டை மடித்துக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, இன்னைக்கே எடுத்துரலாம்."

"ரெண்டு நாளுதானடி."

"வேணாம்மா. அவன் பட்டை கட்ட மாட்டான்."

"கட்டுவான். ரவி சொல்றாரு இல்ல?"

"அவன் எறங்க மாட்டான்மா."

ரவிக்குமார் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார். "பெஞ்சுல உக்கார வெச்சிட்டாங்களா? பரவால்லம்மா. புதுப் பையன்னா அப்படித்தான். பெஞ்சுல இருந்தாலும் பட்டை கட்டுவாங்க."

"இல்ல மாமா."

"ஸ்குவாட்லயே இல்லியா?"

பெட்டியின் மோட்டார் நின்று மறுபடி ஓடத் தொடங்கியது. அம்மா இளவேனிலின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அப்ப எந்த டீம்ல இருக்கான்?"

"டீமே இல்லம்மா. மூணு வருஷமா ஒரு தோட்டத்துல பழம் பறிக்கிறான்."